துப்பறியும் பலகை விளையாட்டுக்கு நாமே ஒரு வீடியோப் பதிப்பை உருவாக்குவது எப்படி

ஒரு மாளிகை, ஒரு கொலை, ஆறு சந்தேக நபர்கள், ஆறு ஆயுதங்கள், ஒன்பது அறைகள்: குளூடோ என்ற துப்பறியும் பலகை விளையாட்டின் மொத்தச் சரக்கும் இவ்வளவுதான். இங்கிலாந்தின் பர்மிங்காமில் வாழ்ந்த ஆண்டனி பிராட் 1944-இல் இதற்குக் காப்புரிமை கோரி விண்ணப்பித்தார். 1949-இல் லீட்ஸ் நகரின் வாடிங்டன்ஸ் நிறுவனம் இதை வெளியிட்டது. அமெரிக்காவில் பார்க்கர் பிரதர்ஸ் 'க்ளூ' என்ற பெயரில் விற்றது. யார், எதனால், எங்கே என்ற மூன்றுக்கும் ஒவ்வோர் அட்டை, கண்டுபிடிக்க வேண்டிய விடையாக உறைக்குள் போக, மீதமுள்ள 18 அட்டைகள் ஆட்டக்காரர்களுக்குள் பங்கிடப்படும். ஆறையும் ஆறையும் ஒன்பதையும் பெருக்கினால் 324 விடைகள் வருவதால், அட்டைகளைக் கலைத்துப் போட்டாலே புதிய வழக்கு பிறந்துவிடுகிறது. 1985-இல் பார்க்கர் பிரதர்ஸ் இந்த விளையாட்டை வீடியோ கேசட்டோடு கொண்டுவந்தது; 1987-இல் இரண்டாவது கேசட்டும் வந்தது. கேசட்டில் பதிந்த காட்சி எத்தனை முறை ஓட்டினாலும் மாறாது. மாறாத படத்திலிருந்து ஒவ்வொரு முறையும் வேறு குற்றவாளியை எப்படிப் பிடிப்பது என்பதே இத்தகைய பதிப்பை உருவாக்குகிற எவரும் முதலில் தீர்க்க வேண்டிய சிக்கல்.

இதற்கு நான் பரிந்துரைப்பது ஒரே வழிதான்: படம் சாட்சி மட்டும் சொல்லட்டும், குற்றவாளியை அட்டை தீர்மானிக்கட்டும். கண்ணாடி அணிந்தவர் யார், விளக்கு அணைந்தபோது அறையில் இல்லாதவர் யார் என்பவற்றை எல்லோரும் ஒரே படத்தில் பார்க்கிறார்கள். குற்றவாளி கண்ணாடி அணிந்தவரா, அணியாதவரா என்பது மட்டும் ஒருவருடைய கையில் உள்ள அட்டையில் எழுதியிருக்கும். அந்த அட்டை ஆட்டத்துக்கு ஆட்டம் மாறும். படத்துக்குள்ளேயே விடையை வைத்து எடுத்தால் அது ஒருமுறை பார்த்துவிட்டு மூடிவைக்கிற குறும்படமாகத்தான் முடியும். கீழே சொல்லும் முறையில் பத்துப் பன்னிரண்டு நிமிடம் ஓடும் ஒரே படமும் 18 அட்டைகளும் 216 வழக்குகளைத் தரும்.

முதலில் அட்டவணை, பிறகுதான் கதை

கதையில் தொடங்கத்தான் கை துடிக்கும். ஆனால் அட்டவணையில் தொடங்குவதே நல்லது. ஆறு சந்தேக நபர்களை எடுத்துக்கொள்ளுங்கள்: மருத்துவர், ஓவியர், பாடகி, வழக்கறிஞர், சமையற்காரர், தோட்டக்காரர். இவர்களைப் பிரித்தறிய மூன்று அடையாளங்கள் போதும். எடுத்துக்காட்டாக, கண்ணாடி அணிந்திருத்தல், இடது கையால் எழுதுதல், விளக்கு அணைந்தபோது வரவேற்பறையில் இல்லாதிருத்தல் ஆகியவற்றைக் கொள்வோம். மூன்று அடையாளங்களை உண்டு, இல்லை என்று அடுக்கினால் எட்டுச் சேர்க்கைகள் கிடைக்கும். மூன்றும் உள்ளவர், மூன்றும் இல்லாதவர் என்ற இரண்டையும் தள்ளிவிட்டால் மிஞ்சுவது ஆறு, ஆளுக்கொன்று. மருத்துவருக்குக் கண்ணாடி மட்டும், ஓவியருக்கு இடது கை மட்டும், பாடகிக்கு அறையில் இல்லாமை மட்டும் என வையுங்கள். வழக்கறிஞருக்குக் கண்ணாடியும் இடது கையும், சமையற்காரருக்கு இடது கையும் அறையில் இல்லாமையும், தோட்டக்காரருக்குக் கண்ணாடியும் அறையில் இல்லாமையும் சேரட்டும்.

இந்த அடுக்கின் நயம் என்னவென்றால், எந்த அடையாளத்தை எடுத்தாலும் அது மூன்று பேருக்கு உண்டு, மூன்று பேருக்கு இல்லை. ஆகவே கையில் கிடைக்கும் முதல் அட்டை எப்போதும் பாதிப் பேரை விடுவிக்கும்; கூடவும் செய்யாது, குறையவும் செய்யாது. இரண்டாவது அட்டையில்தான் வேறுபாடு தொடங்குகிறது. முதல் இரண்டு அட்டைகளும் 'உண்டு' என்று சொன்னால், அல்லது இரண்டுமே 'இல்லை' என்று சொன்னால், குற்றவாளி அங்கேயே அகப்பட்டுக்கொள்வார். கண்ணாடியும் இடது கையும் உள்ளவர் வழக்கறிஞர் ஒருவர்தானே. ஒன்று உண்டு, மற்றது இல்லை என்று வந்தால் இருவர் மிஞ்சுவார்கள். அவர்களைப் பிரிக்க மூன்றாம் அட்டை தேவைப்படும். பங்கிடும்போது ஏன் கவனம் வேண்டும் என்பதற்கு இதுவே காரணம். அதைப் பின்னால் விளக்குகிறேன்.

பொருள்களுக்கும் இடங்களுக்கும் இதே அடுக்குதான். ஆறு பொருள்கள் என்றால் முதல் காட்சியில் மேசைமேல் இருந்தவை, யாரேனும் ஒருவர் கையில் எடுத்தவை, கடைசிக் காட்சியில் காணாமல் போனவை என்று மூன்று அடையாளங்கள் அமையலாம். இடங்களை ஒன்பதிலிருந்து ஆறாகக் குறைத்துவிடுங்கள். ஒன்பதை இந்த அடுக்குக்குள் அழகாக அடக்க முடியாது, வீட்டில் ஒன்பது அறைகளைத் தனித்தனியாக அலங்கரித்துப் படமெடுப்பதும் எளிதல்ல. சன்னல் திறந்திருந்தது, விளக்கு எரிந்தது, கதவின் பின்னால் ஒரு மேலாடை தொங்கியது என்பவை அறைகளுக்குரிய அடையாளங்களாகலாம். மூன்று வகைக்கும் மும்மூன்று என்று ஒன்பது அடையாளங்கள் ஆகின்றன. ஒவ்வொன்றுக்கும் 'உண்டு' என்றோர் அட்டை, 'இல்லை' என்றோர் அட்டை எழுதினால் மொத்தம் 18 அட்டைகள். ஒரு வழக்கு என்பது இவற்றில் இணைக்கு ஒன்றாகப் பொறுக்கிய ஒன்பது அட்டைகள், அவ்வளவே.

அடையாளங்களைத் தேர்ந்தெடுக்கும்போது ஒவ்வொரு வகையிலும் ஒன்று எளிதாகவும், ஒன்று கவனித்தால் மட்டும் தெரிவதாகவும், ஒன்று இரண்டு காட்சிகளைப் பொருத்திப் பார்த்துத்தான் அறியத்தக்கதாகவும் இருக்கட்டும். கண்ணாடி எளிது. இடது கை கவனத்துக்குரியது. வரவேற்பறையில் இல்லாமை என்பதை, சுவர்க் கடிகாரம் ஒன்பது காட்டும்போது விளக்கு அணைந்தது, அதே ஒன்பது மணிக்குச் சமையலறைக் கடிகாரத்தின் கீழ் சமையற்காரர் நின்றார் என்று சேர்த்துப் பார்த்தே முடிவு செய்ய வேண்டும். மூன்றுமே எளிதானால் படத்தைத் திரும்பப் பார்க்கத் தேவையிருக்காது. மூன்றுமே கடினமானால் ஆட்டம் மூளைக்கு வைக்கும் தேர்வாகிவிடும்.

கதை எழுதுதல்

அட்டவணை முடிந்தபின் கதை தானாகவே வளைந்து கொடுக்கும். ஆறு பேருக்கும் ஏறக்குறைய சமமான காரணம் வேண்டும்: ஒருவருக்குக் கடன், ஒருவருக்குப் பழைய அவமானம், ஒருவருக்குச் சொத்து. ஒருவரை மட்டும் கொடியவராகவும் மற்றவரை அப்பாவியாகவும் காட்டினால் ஆட்டக்காரர்கள் அட்டையை விட்டுவிட்டு முகத்தைப் பார்த்துத் தீர்ப்புச் சொல்லத் தொடங்குவார்கள். நடிப்பவர்கள் "குற்றவாளி நான்தானா?" என்று கேட்டே தீருவார்கள், எல்லோரும் குற்றவாளியாக இருக்கக்கூடும் என்று மட்டும் சொல்லுங்கள். உண்மையில் விடையும் அதுதான்.

குற்றம் நிகழும் நொடியைக் காட்டவே கூடாது. விளக்கு அணைகிறது, ஓர் ஓசை கேட்கிறது, விளக்கு எரிகிறது என்பதோடு நிறுத்திவிடுங்கள். குழந்தைகள் ஆடுவதானால் கொலையை விட்டுத் திருட்டாக மாற்றிவிடலாம். அட்டவணையில் ஒரு வரிகூட மாறாது. வசனத்தில் யாரும் பொய்யான தகவலைச் சொல்லக் கூடாது என்ற விதியையும் முதலிலேயே வகுத்துக்கொள்ளுங்கள். பாத்திரங்கள் மழுப்பலாம், பேச்சை மாற்றலாம், கோபப்படலாம். ஆனால் "நான் நூலகத்தில் இருந்தேன்" என்று ஒருவர் சொன்னால் அவர் அங்கே இருந்திருக்க வேண்டும். பொய்யை அனுமதித்தால் எந்தச் சாட்சியம் செல்லும், எது செல்லாது என்ற வாதத்திலேயே மாலைப்பொழுது கழிந்துவிடும். எட்டு அல்லது ஒன்பது காட்சிகள், ஒவ்வொன்றும் ஒன்றரை நிமிடத்துக்கு மிகாமல் இருந்தால் போதும்.

முடிவுக் காட்சியில்தான் பலர் தடுமாறுவார்கள். 216 வழக்குகளுக்கு 216 முடிவுகளை எடுக்க யாராலும் ஆகாது. இதே விளையாட்டைத் தழுவி 1985-இல் வந்த திரைப்படமே மூன்று முடிவுகளோடு நின்றுகொண்டு, திரையரங்குக்கு ஒரு முடிவாக அனுப்பியது. நாம் முடிவை மூன்று துண்டுகளாக வெட்டிவிடலாம். "ஆமாம், செய்தது நான்தான்" என்று ஆறு பேரும் தனித்தனியே ஒப்புக்கொள்ளும் ஆறு துண்டுகள், ஆறு பொருள்களை அண்மையில் காட்டும் ஆறு துண்டுகள், ஆறு அறைகளின் கதவு திறக்கும் ஆறு துண்டுகள் என்று மொத்தம் 18 எடுத்தால், அவற்றை அடுத்தடுத்து ஓட்டி 216 முடிவுகளையும் காட்ட முடியும். ஒப்புதல் துண்டில் பொருளையோ இடத்தையோ குறிப்பிடாமல் பேச வைப்பது மட்டுமே இதற்கு நிபந்தனை.

படமெடுத்தல்

கைபேசிக் கேமரா தாராளமாகப் போதும். அதைக் கிடைமட்டமாக வைத்து முக்காலியில் பொருத்துங்கள். வழக்கமான குறும்படத்தில் முகத்தை நெருக்கிக் காட்டுவது அழகு. இங்கே அகன்ற காட்சியே நியாயம், ஏனெனில் ஆட்டக்காரர் தாமாகத் தேடிக் கண்டுபிடிக்க வேண்டியதை நெருக்கக் காட்சி கையில் எடுத்துக் கொடுத்துவிடும். அடையாளம் தெரியும் ஒவ்வோர் இடத்திலும் அது குறைந்தது மூன்று நொடிகளாவது மறைக்கப்படாமல் திரையில் நிற்கட்டும். கடிகாரம் காட்டும் நேரம் தொலைக்காட்சிக்கு எதிரே உட்கார்ந்திருப்பவருக்கும் தெரிய வேண்டுமென்றால், முள் தடித்த பெரிய கடிகாரமாகப் பாருங்கள்.

இவை அனைத்தையும் விட முக்கியமானது காட்சித் தொடர்ச்சி. மற்றப் படங்களில் முந்தைய காட்சியில் இடப்பக்கம் இருந்த குவளை அடுத்த காட்சியில் வலப்பக்கம் இருந்தால் யாரோ ஒருவர் சிரித்துவிட்டுப் போவார். இந்தப் படத்திலோ அந்தக் குவளை பொய்த் துப்பாகிவிடும். உட்கார்ந்து பார்ப்பவர்கள் எல்லோரும் அந்த நேரத்துக்குத் துப்பறிவாளர்கள். ஒன்றையும் விட மாட்டார்கள். ஆகவே நடிக்காத, கேமரா பிடிக்காத ஒருவரைத் தொடர்ச்சிக்கென்றே நியமியுங்கள். ஒவ்வொரு காட்சி தொடங்கும்போதும் முடியும்போதும் அறையைப் புகைப்படம் எடுத்துக்கொள்வதும், யார் எந்தக் கையால் எதை எடுத்தார் என்று எழுதிவைப்பதும் அவர் வேலை. வலக்கைப் பழக்கமுள்ளவரை இடது கையால் எழுத வைத்தால் அவர் தேநீர்க் கோப்பையையும் தொலைபேசியையும் வலது கையால் எடுத்துவிடுவார். இயல்பிலேயே இடக்கைப் பழக்கமுள்ள மூவர் கிடைக்காவிட்டால் அந்த அடையாளத்தைக் கைவிட்டு, மோதிரம் அணிந்தவர் என்பதுபோல எளிதில் கட்டுப்படுத்தக்கூடிய ஒன்றை வையுங்கள்.

வாய்ப்பு இருந்தால், அட்டவணையில் இல்லாத நாலைந்து அடையாளங்களையும் இதே மூன்றுக்கு மூன்று கணக்கில் படத்துக்குள் பதித்து வையுங்கள். இப்போதைக்கு அவை வெறும் அலங்காரம், பின்னாளில் பயன்படும்.

கிளைகள் வேண்டுமா?

ஊடாடும் வீடியோ என்றதும் "நூலகத்துக்குப் போகலாமா, தோட்டத்துக்குப் போகலாமா" என்று பொத்தான் வைக்கும் ஆசை வருவது இயல்பு. கணக்கைப் பார்த்துவிட்டு இறங்குங்கள். ஒவ்வொரு கட்டத்திலும் மூன்று தேர்வுகள் என்று நான்கு கட்டங்கள் பிரிந்துகொண்டே போனால் 3, 9, 27, 81 என்று 120 துண்டுகள் எடுக்க வேண்டிவரும். ஒருமுறை ஆடுபவர் அவற்றில் நான்கைத்தான் பார்ப்பார். பிரிந்த கிளைகள் அனைத்தும் மறுபடியும் ஒரே இடத்தில் கூடும்படி அமைத்தால் அதே நான்கு கட்டங்களுக்கு 12 துண்டுகள் போதும். நம்முடைய விளையாட்டுக்கு அதுகூடத் தேவையில்லை. காட்சிகளை அறைவாரியாகப் பிரித்து, எதை எப்போது வேண்டுமானாலும் ஓட்டலாம் என்ற மெனு இருந்தாலே போதும்.

அந்த மெனுவைச் செய்யப் பல வழிகள் உண்டு. காட்சிகளுக்கு எண்ணிட்டு ஒரே கோப்புறையில் போட்டு, நடுவர் ஒருவர் கேட்டதை ஓட்டுவது எளியது. அதைக் கேவலமாக நினைக்க வேண்டியதில்லை. அடுத்தபடி பவர்பாயிண்ட்: மாளிகையின் வரைபடத்தை ஒரு சிலைடாக்கி, ஒவ்வோர் அறையின் மீதும் இணைப்பு வைத்து, அறைக்கொரு சிலைடில் வீடியோவைப் பொருத்திவிடலாம். கியோஸ்க் முறையில் ஓடும்படி அமைத்துவிட்டால், வேறெங்கோ சொடுக்கி அடுத்த சிலைடுக்குத் தாவிவிடும் தொல்லையும் இருக்காது. இணையப் பக்கமாகச் செய்ய விரும்புவோருக்கு 2009 முதல் இலவசமாகக் கிடைக்கும், கிளைக்கதைகள் அமைப்பதற்கான ட்வைன் என்ற கருவி உதவும். எத்தனை முறை எந்தக் காட்சி பார்க்கப்பட்டது என்று எண்ணி வைக்கவும் அதனால் முடியும்.

டிவிடியாக வெளியிட விரும்பினால் அதன் எல்லைகளை அறிந்துகொள்ளுங்கள். ஒரு வட்டில் 99 தலைப்புகள், அதாவது தனித்தனியே ஓடும் வீடியோக்கள், வரை வைக்கலாம். பழைய 4:3 திரைக்கான ஒரு மெனுவில் 36 பொத்தான்கள் வரை அமையும். எண்களை நினைவில் வைத்துக்கொள்ள 16 சிறிய பதிவிடங்கள் உண்டு, தற்செயல் எண் எழுப்பும் கட்டளையும் உண்டு. ஆனால் வட்டை வெளியே எடுத்தால் நினைவில் இருந்த அனைத்தும் போய்விடும். யூடியூபில் கிளைப் பொத்தான்களாக ஒரு காலத்தில் பயன்பட்ட குறிப்புப் பெட்டிகளைப் புதிதாகச் சேர்க்கும் வசதி 2017-இல் நின்றது, ஏற்கெனவே இருந்தவையும் 2019 சனவரியில் அகற்றப்பட்டன. அவற்றை நம்பிக் கட்டிய வீடியோ விளையாட்டுகள் அன்றே செயலிழந்தன. எந்தத் தளத்தில் வெளியிட்டாலும் மூலக் கோப்புகளும் அட்டவணையும் உங்களிடமே இருக்கட்டும்.

ஆட்ட விதிகள்

இந்த அமைப்பு மூன்று ஆட்டக்காரர்களுக்கும் ஒரு நடுவருக்கும் கச்சிதமாகப் பொருந்தும். ஆறு பேர் இருந்தால் இருவர் இருவராகச் சேர்ந்து மூன்று அணிகளாகலாம். ரிமோட் நடுவர் கையில் இருக்கும். அவர் ஒரு நபரையும் ஒரு பொருளையும் ஓர் இடத்தையும் மனத்துக்குள் தேர்ந்து, தாளில் எழுதி உறையிலிட்டு ஒட்டிவிட்டு, அதற்குப் பொருந்தும் ஒன்பது அட்டைகளை எடுக்கிறார். ஆளுக்கு மூன்று அட்டைகள். ஆனால் அவை நபர்பற்றி ஒன்று, பொருள்பற்றி ஒன்று, இடம்பற்றி ஒன்று என்றே இருக்க வேண்டும். ஒரே வகையில் இரண்டு அட்டைகள் ஒருவரிடம் போய், அவை இரண்டும் ஒரே திசையில் சொல்லிவிட்டால், ஆட்டம் தொடங்கும் முன்பே அவருக்கு அந்த விடை தெரிந்துவிடும். முறைப்படி பங்கிட்டால் ஒவ்வொருவர் முன்னாலும் 216 வாய்ப்புகள் 27 ஆகக் குறைந்த நிலையில் ஆட்டம் தொடங்கும்.

படத்தை ஒருமுறை நிறுத்தாமல் முழுவதும் ஓட்டுங்கள். பிறகு முறைவைத்து ஒவ்வொருவரும் "தோட்டக்காரர், கயிறு, நூலகம்" என்பதுபோல ஓர் ஐயத்தை முன்வைக்க வேண்டும். இடப்பக்கம் இருப்பவரிலிருந்து தொடங்கி, அந்த ஐயத்தோடு முரண்படும் அட்டை எவரிடம் இருக்கிறதோ அவர் அதைக் கேட்டவருக்கு மட்டும் காட்ட வேண்டும். இரண்டு அட்டைகள் முரண்பட்டால் எதைக் காட்டுவது என்பது அவர் விருப்பம். பலகை விளையாட்டில் இது எந்திரம்போல நடக்கும். அட்டை இருக்கிறது, அல்லது இல்லை. இங்கே 'கண்ணாடி அணியாதவர்' என்ற அட்டையை வைத்திருப்பவர், தோட்டக்காரர் கண்ணாடி அணிந்திருந்தாரா என்பதைப் படத்திலிருந்து நினைவுகூர வேண்டியிருக்கிறது. அவர் தவறாகக் கவனித்திருந்தால் காட்ட வேண்டியதைக் காட்டாமல் விட்டு எல்லோரையும் வழிதவறச் செய்வார். இந்தத் தடுமாற்றத்தில்தான் வீடியோப் பதிப்பின் சுவையே இருக்கிறது என்பேன். இதைச் சரிசெய்ய நடுவர் குறுக்கிடக் கூடாது.

மீண்டும் பார்க்கும் உரிமைக்கு வரம்பு வேண்டும். கேசட் காலத்தில் பின்னோக்கிச் சுற்றுவதே பொறுமையைச் சோதிக்கும் வேலை; இப்போது விரலால் இழுத்தால் போதும் என்பதால் விதி வகுக்காவிட்டால் படம் நின்று நின்றே ஓடும். ஆளுக்கு இரண்டு வில்லைகள் கொடுங்கள். ஒரு வில்லையைக் கொடுத்தால் ஒரு காட்சியை ஒருமுறை ஓட்டச் சொல்லலாம். படம் எல்லோருக்கும் தெரியும்படியே ஓடும். எந்தக் காட்சியைக் கேட்கிறார் என்பதிலிருந்தே அவர் கையில் என்ன அட்டை இருக்கிறது என்று மற்றவர்கள் ஊகிக்கலாம். கெட்டிக்காரர்கள் தேவையற்ற காட்சியைக் கேட்டு ஏமாற்றவும் செய்வார்கள். அதை விதி தடுக்க வேண்டியதில்லை.

விடை சொல்பவர் மூன்றையும் தாளில் எழுதி நடுவரிடம் கொடுக்க வேண்டும். தவறென்றால் நடுவர் தலையசைப்பதோடு சரி. அவர் இனி ஐயம் எழுப்ப முடியாது, மற்றவர்களுக்கு அட்டை காட்டும் கடமை மட்டும் தொடரும். விடையைத் திரையில் சரிபார்க்கும் ஏற்பாடு வேண்டாம், ஏனெனில் தவறான விடையும் மற்றவர்களுக்கு ஒரு துப்பு. சரியான விடை வந்தபின்தான் ஒப்புதல் துண்டு, பொருள் துண்டு, கதவு துண்டு மூன்றையும் வரிசையாக ஓட்டுவது.

நடுவராக இருக்க யாரும் விரும்பாவிட்டால் வழக்குகளை முன்கூட்டியே தனித்தனி உறைகளில் போட்டுவைக்க வேண்டும். விடையை இளநீல எழுத்தில் அச்சிட்டு, அதன்மேல் சிவப்புக் கோடுகளைக் கிறுக்கலாக அச்சிட்டுவிட்டால் வெறும் கண்ணுக்குப் படிக்க வராது. சிவப்புக் கண்ணாடித்தாளை மேலே வைத்தால், அது சிவப்பு ஒளியை மட்டும் விடுவதால் கோடுகள் வெள்ளைப் பின்னணியோடு கலந்து மறைந்து, நீல எழுத்து கருமையாகத் தெரியும். விடை சொல்பவர் மட்டும் அதை எடுத்துத் தனியே பார்த்துக்கொள்ளலாம்.

வெள்ளோட்டம்

படத்தில் பங்கெடுக்காத மூவரை வைத்து ஆடிப் பாருங்கள். எடுத்தவர்களுக்கு எல்லாமே தெரியும் என்பதால் அவர்கள் ஆடிப் பயனில்லை. முதல் ஓட்டம் முடிந்தவுடன் ஆட்டத்தைத் தொடங்காமல், ஒன்பது அடையாளங்களுக்கும் உரிய பட்டியலை அவர்களை எழுதச் சொல்லுங்கள். மூவருமே சரியாக எழுதிய அடையாளம் மிக எளிது. மூவருமே தவறவிட்டு, காட்சியைத் திரும்ப ஓட்டிய பிறகும் ஒத்துக்கொள்ளாத அடையாளம் படத்தில் சரியாகப் பதியவில்லை. பின்னதைத் திரும்ப எடுத்தே ஆக வேண்டும், விளக்கம் எழுதிச் சமாளிக்க முடியாது. அட்டவணையில் இல்லாத ஏதேனும் ஒன்றைப் பிடித்துக்கொண்டு அவர்கள் வாதிட்டால், தொடர்ச்சிப் பிழை எங்கோ தப்பியிருக்கிறது என்று பொருள். அந்த நொடியை வெட்டி நீக்க முடிகிறதா என்று பாருங்கள்.

அடிக்கடி ஆடுபவர்களுக்கு நாளடைவில் அட்டவணை மனப்பாடமாகிவிடும். அப்போதுதான் படத்தில் அலங்காரமாகப் பதித்துவைத்த உபரி அடையாளங்களை வெளியே எடுக்க வேண்டும். பழைய அடையாளங்களில் மூன்று நான்கை விலக்கி, அவற்றுக்குப் பதிலாக இவற்றை எழுதிப் புதிய அட்டைகளை அச்சிட்டால் போதும். கேமராவைத் திரும்பத் தொட வேண்டியதில்லை.